உயிருக்குப் பயந்து செய்த குற்றம்

சட்டப் புத்தகத்தில் மனிதர்களைப் பார்ப்பது அபூர்வம். 'எவரேனும்' என்று ஆரம்பித்து 'தண்டிக்கப்படுவார்' என்று முடிந்துவிடும். 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 94ஆவது பிரிவில் ஒரு கொல்லர் வருவார். கொள்ளைக்கூட்டம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. கருவிகளை எடுத்துக்கொண்டு வந்து அந்த வீட்டுக் கதவை உடை, இல்லையென்றால் இங்கேயே உன்னைக் கொன்றுபோடுவோம் என்கிறது. அவர் உடைத்துக் கொடுக்கிறார், கூட்டம் உள்ளே புகுந்து சுருட்டிக்கொண்டு போகிறது. கொல்லர் செய்தது குற்றமில்லை என்கிறது சட்டம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவின் எண் 32 ஆகிவிட்டது. கொல்லரும் கொள்ளைக்கூட்டமும் அப்படியே இருக்கிறார்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. தீர்ப்புகளைப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அப்படிப் படிக்கும்போது திரும்பத் திரும்ப என்னை நிறுத்தி வைக்கிற விஷயம் இது: மிரட்டலுக்குப் பணிந்து குற்றம் செய்தவரைச் சட்டம் என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளி வைத்துவிடலாம். "அவராக விரும்பிச் செய்யவில்லையே, அப்புறம் எப்படி அது அவருடைய குற்றம்?" என்று பலரும் கேட்பார்கள். சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. ஒருவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்து இன்னொருவரை அடிக்க வைத்தால், அது உங்கள் செயலே இல்லை. கொல்லருடைய கதை அப்படியல்ல. சுத்தியலைத் தூக்கியது அவர் கைதான். யார் வீட்டுக் கதவு, எதற்காக உடைக்கிறோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சாகலாமா, உடைக்கலாமா என்று யோசித்து, உடைக்கலாம் என்று முடிவெடுத்ததும் அவர்தான். செயல் இருக்கிறது, அறிவு இருக்கிறது, எண்ணமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்த பிறகுதான் சட்டம் அவரை விட்டுவிடுகிறது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பதே காரணம். மிரட்டிய கூட்டம் இதனால் தப்பிவிடுவதில்லை. தூண்டப்பட்டவர் குற்றவாளி ஆகாவிட்டாலும் தூண்டியவர் குற்றவாளிதான்.

இதுவரைக்கும் சரி. சிக்கல் நிபந்தனைகளில் இருக்கிறது. இந்தியச் சட்டம் வைத்திருக்கிற வாசல் ரொம்பக் குறுகலானது. மிரட்டல் சாவைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதுவும் உடனடிச் சாவு. கையை வெட்டுவேன், கண்ணைத் தோண்டுவேன், முகத்தில் அமிலம் ஊற்றுவேன் என்பதெல்லாம் போதாது. இன்னொன்று, சாவு 'அந்த நபருக்கே' வருவதாக இருக்க வேண்டும். இந்த இரண்டு சொற்களைப் பலர் கவனிப்பதில்லை. கொல்லரின் கழுத்தில் கத்தி வைத்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அவருடைய ஐந்து வயது மகளின் கழுத்தில் கத்தி வைத்தால், பிரிவின் சொற்களின்படி அவருக்குப் பாதுகாப்பு இல்லை!

எந்தத் தகப்பனையும் தாயையும் கேட்டுப் பாருங்கள், இரண்டில் எது பெரிய மிரட்டல் என்று. வேறு பிரிவுகளைக் கொண்டு ஒரு நல்ல வழக்கறிஞர் வாதாடிப் பார்க்கலாம். பெரிய தீங்கைத் தடுக்க, கெட்ட எண்ணமில்லாமல், நல்ல நம்பிக்கையில் சிறிய தீங்கைச் செய்வதற்கு ஒரு விலக்கு உண்டு. பழைய சட்டத்தில் 81ஆவது பிரிவு அது. ஆனால் மிரட்டலுக்கென்றே ஒரு பிரிவை எழுதிவிட்டு, மிரட்டல்களிலேயே கொடியதை அதற்கு வெளியே நிறுத்தியது ஏன் என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இதே சட்டத்தை வாரிசாகப் பெற்ற சிங்கப்பூர், பின்னாளில் 'அந்த நபருக்கோ வேறு எவருக்குமோ' என்று திருத்திக்கொண்டது. புதிதாகச் சட்டம் எழுதும் வாய்ப்பு 2023இல் இந்தியாவுக்கும் வந்தது. அந்த இரண்டு சொற்களை யாரும் தொடவில்லை.

இங்கிலாந்தில் வாசல் கொஞ்சம் அகலம். சாவு அல்லது கடுமையான காயம், தனக்கோ குடும்பத்தாருக்கோ தன் பொறுப்பில் இருப்பவருக்கோ. ஆனால் 'உடனடி' என்ற சொல் அங்கேயும் படுத்தி எடுத்திருக்கிறது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஹட்சன், டெய்லர் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். இருவரும் இளம் பெண்கள், ஓர் அடிதடி வழக்கின் சாட்சிகள். அடையாளம் காட்டினால் உங்களைக் கத்தியால் கீறிவிடுவோம் என்று முன்கூட்டியே மிரட்டியிருந்தார்கள். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறிப் பார்த்தால், மிரட்டியவர்களில் ஒருவன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெண்கள் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பொய்ச்சாட்சி வழக்கு அவர்கள்மேல் பாய்ந்தது.

விசாரணை நீதிபதியின் கணக்கு எளிமையானது. நீதிமன்றத்துக்குள் காவலர்கள் இருக்கிறார்கள், அங்கே யாரும் கத்தியை எடுக்க முடியாது, ஆகவே மிரட்டல் உடனடியானது அல்ல. மேல்முறையீட்டில் இது நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரி தெருவில் நடக்கப்போவதை நினைத்துத்தான் அந்தப் பெண்கள் பயந்தார்கள்; மிரட்டல் அந்த நிமிடத்தில் அவர்கள் மனதை அழுத்தியதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று தண்டனையை ரத்து செய்தார்கள். 2005இல் ஹசன் வழக்கில் மூத்த நீதிபதி பிரபு பிங்கம் இதை ஏற்கவில்லை. காவல்துறையிடம் போயிருக்கலாமே என்பது அவர் வாதம். போயிருக்கலாம்தான். சாட்சி சொன்ன நாளோடு காவல் முடிந்துவிடும், மிரட்டியவன் அதே ஊரில் இருப்பான் என்பதை உணர்ந்த எவருக்கும், அந்த வாதம் மேடையில் இருந்து சொல்வதாகத்தான் படும்.

காவல்துறையே நம்ப முடியாததாக இருந்தால்? 1994இல் ஒரு செர்பிய இளம்பெண், உடம்பில் இரண்டு கிலோ ஹெராயினைக் கட்டிக்கொண்டு, போலி பாஸ்போர்ட்டுடன் கனடாவின் டொரான்டோ விமான நிலையத்தில் இறங்கினார். ருஸிச் வழக்கு. கொண்டுபோகாவிட்டால் பெல்கிரேடில் இருக்கும் உன் அம்மாவுக்குத் தீங்கு செய்வேன் என்று ஒருவன் அவரை மாதக்கணக்கில் துன்புறுத்தியிருந்தான். கனடாவின் சட்டப்படி மிரட்டுகிறவன் குற்றம் நடக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். அவனோ கடல் தாண்டி இருந்தான். ஆகவே எழுத்துப்படி அவருக்கு வாய்ப்பே இல்லை. 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேறு வழியே இல்லாமல் செய்த செயலுக்குத் தண்டனை கொடுப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று அந்த நிபந்தனைகளையே தூக்கி எறிந்தது. எனக்குப் பிடித்த தீர்ப்பு இது. கத்தி எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அளப்பதை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டது.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு. மிரட்டலுக்குச் சாட்சி இருப்பதில்லை. பிடிபட்ட ஒவ்வொருவரும் 'என்னை மிரட்டினார்கள்' என்று சொல்லிவிட்டுப் போனால்? இங்கிலாந்தில் இந்த வாதம் கொஞ்சம் ஆதாரத்தோடு எழுந்துவிட்டால், அது பொய் என்று சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 2006இன் டிக்சன் தீர்ப்புக்குப் பிறகு சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். இந்தியாவிலும் விலக்கு கேட்பவர்தான் காட்ட வேண்டும், ஆனால் 'நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்குக் காட்டினால் போதும். இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மிரட்டப்பட்ட கதையை அறிந்தவர் அவர்தானே.

தானாகப் போய் மாட்டிக்கொண்டவர் விஷயத்திலும் சட்டத்தின் கறாரை ஏற்றுக்கொள்கிறேன். கொல்லரைப் பற்றிச் சொல்வது 94ஆவது பிரிவின் இரண்டாவது விளக்கம் என்றால், முதல் விளக்கம் வேறொருவனைப் பற்றியது. எப்படிப்பட்ட கூட்டம் என்று தெரிந்தே கொள்ளைக்கூட்டத்தில் சேர்ந்தவன், பிறகு 'தலைவன் மிரட்டினான்' என்று சொல்ல முடியாது. ஹசன் வழக்கும் இதையே இன்னும் இறுக்கிச் சொன்னது. குற்றக் கும்பலோடு பழகுகிறவர், மிரட்டல் வரலாம் என்று எதிர்பார்த்திருக்க வேண்டியவர் என்றாலே போதும், வாசல் மூடிக்கொள்ளும். பெரியவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் இந்திய விதி 'அடிப்பேன் என்ற மிரட்டலுக்குப் பயந்து' சேர்ந்தவனையும் அதே வரிசையில் நிறுத்துகிறது. பதினைந்து வயதுப் பையனை அடித்து உதைத்துக் கும்பலில் சேர்க்கிறார்கள் என்றால், அவன் விரும்பிச் சேர்ந்தவனா?

இனிதான் கடினமான இடம்: கொலை.

இந்தியச் சட்டம் மிரட்டல் விலக்கிலிருந்து இரண்டு வகைக் குற்றங்களை முழுதாக வெளியே தள்ளுகிறது. ஒன்று கொலை, இன்னொன்று மரண தண்டனைக்குரிய, அரசுக்கு எதிரான குற்றங்கள். இங்கிலாந்திலும் கொலைக்கு இந்த வாதம் செல்லாது. பழைய சட்ட அறிஞர்கள், அப்பாவி ஒருவரைக் கொன்று தப்புவதைவிடத் தானே செத்துப்போவது மேல் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். 1975இல் வட அயர்லாந்து வழக்கொன்றில், கொலைக்கு வண்டி ஓட்டிப்போன ஒருவருக்கு இந்த வாதத்தை, அன்றைக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அனுமதித்தது. 1987இல் ஹவ் வழக்கில் அதே சபை மனம் மாறி, துணை போனவருக்கும் கிடையாது என்று கதவைச் சாத்தியது. சாதாரண மனிதனிடம் வீரத்தை எதிர்பார்க்கக் கூடாது என்பதை பிரபு ஹெய்ல்ஷாம் ஏற்கவில்லை.

வீரத்தை எதிர்பார்க்கலாம். வீரம் இல்லாததற்கு ஆயுள் தண்டனை தரலாமா என்பதுதான் கேள்வி.

1992இல் காட்ஸ் வழக்கு வந்தது. பதினாறு வயதுப் பையன். பெற்றோர் பிரிந்திருந்தார்கள். அம்மாவைக் கொல், இல்லையென்றால் உன்னைச் சுட்டுவிடுவேன் என்று அப்பா மிரட்டினார். பையன் அம்மாவைக் கத்தியால் குத்தினான். படுகாயம், ஆனால் அம்மா பிழைத்துவிட்டார். கொலை முயற்சி வழக்கு. கொலை முயற்சிக்கும் மிரட்டல் வாதம் செல்லாது என்று பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் முடிவு செய்தது. சரி, பையனுக்கு என்ன தண்டனை கிடைத்தது? மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை.

இதைப் படித்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கொலை முயற்சிக்கு எவ்வளவு தண்டனை என்பது நீதிபதியின் கையில் இருக்கிறது. கொலைக்கு அப்படி இல்லை. இங்கிலாந்தில் கொலை என்று தீர்ப்பானால் ஆயுள் தண்டனை கட்டாயம். வயது குறைந்தவருக்கும் காலவரையற்ற காவல்தான். அந்த அம்மா மட்டும் இறந்திருந்தால், அதே பையனுக்கு, அதே மிரட்டலுக்கு, அதே கத்திக்குத்துக்கு, நீதிபதி கண்காணிப்பு உத்தரவு போட்டிருக்கவே முடியாது. 2007இல் வில்சன் வழக்கில் அதுதான் நடந்தது. பதின்மூன்று வயதுப் பையன், அப்பா சொன்னதற்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரரின் கொலையில் கைகொடுத்தான். மிரட்டல் வாதம் அவனுக்கும் கிடையாது, கொலைக் குற்றவாளிதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இதைக் குறை சொல்ல இடமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் சொன்னது.

கொலைக்கு விலக்கு தராதவர்கள் எப்போதும் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: குற்றவாளி என்று சொல்லுவோம், தண்டனையில் இரக்கம் காட்டுவோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்டனையில் கைவைக்க முடியாத குற்றம் கொலைதான். இந்தியாவிலும் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள், அதற்குக் கீழே படி இல்லை. இரக்கம் காட்ட வேண்டுமானால் ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ போக வேண்டும், அல்லது அரசு வழக்கே தொடராமல் இருக்க வேண்டும். ஹவ் வழக்கிலும், நியாயமில்லாத இடங்களில் வழக்குத் தொடரமாட்டார்கள், முன்விடுதலை கிடைக்கும் என்கிற ரீதியில் பேசினார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கை, திறந்த நீதிமன்றத்தில் வாதப் பிரதிவாதம் நடந்து முடிவாகாமல், ஏதோ ஓர் அலுவலகத்தின் கோப்புக் குறிப்பில் முடிவாக வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம்.

கோபத்துக்குச் சட்டம் காட்டும் பரிவைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. திடீரென்று, கடுமையாகச் சீண்டப்பட்டு, கட்டுப்பாடிழந்து ஒருவரைக் கொன்றால் இந்தியச் சட்டத்தில் அது கொலை ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற சிறிய குற்றமாக இறங்கிவிடும். திடீர்ச் சண்டையில் கொன்றாலும் அப்படியே. தற்காப்பின் எல்லையை மீறிப்போனாலும் அப்படியே. ஐந்து விதிவிலக்குகள் இருக்கின்றன. மிரட்டல் அந்த ஐந்தில் இல்லை. வெறி பிடித்துக் கத்தியை எடுத்தவனைப் புரிந்துகொள்ள முடிகிற சட்டத்துக்கு, தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டுக் கத்தியை எடுத்தவனைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

இந்தக் கேள்வி அதன் கோர உச்சத்துக்குப் போனது 1990களின் போஸ்னியப் போரில். டிராசென் எர்டெமோவிச் போஸ்னிய செர்பிய ராணுவத்தில் இருந்த குரோட் இனத்தவர். வயது 23. மனைவி, கைக்குழந்தை. 1995 ஜூலை 16 அன்று அவரும் அவருடைய பிரிவினரும் பிலிட்சா என்ற ஊருக்கு அருகே இருந்த பிரான்யேவோ பண்ணைக்கு அனுப்பப்பட்டார்கள். ஸ்ரெப்ரெனிட்சா நகரில் பிடித்த முஸ்லிம் ஆண்களைப் பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பத்துப் பத்துப் பேராக நிறுத்திச் சுட வேண்டும். எர்டெமோவிச் முடியாது என்றார். பரிதாபமாக இருந்தால் நீயும் அவர்களோடு போய் நில், உன்னையும் சேர்த்துச் சுடுகிறோம் என்று பதில் வந்தது. அவர் சுட்டார். அன்றைக்கு அங்கே சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள் என்றும், தன் கையால் 70 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் அவரே பிறகு சொன்னார். அவர் வாயைத் திறந்திராவிட்டால் அவர்மேல் வழக்கே இருந்திருக்காது.

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு 1997 அக்டோபரில் மூவருக்கு இருவர் என்று பிரிந்தது. அப்பாவிகளைக் கொன்ற ராணுவ வீரனுக்கு மிரட்டல் முழு விலக்கு ஆகாது, தண்டனையைக் குறைக்க மட்டும் உதவும் என்றது பெரும்பான்மை. நீதிபதி கசேஸே மாறுபட்டார். எர்டெமோவிச் மறுத்துச் செத்திருந்தாலும் அந்த ஆட்களில் ஒருவர்கூடப் பிழைத்திருக்க மாட்டார். ஓர் உயிர் கூடுதலாகப் போயிருக்கும், அவ்வளவுதான். அப்படியிருக்க, சாகாததற்காக ஒருவரைத் தண்டிப்பது எப்படி என்பது அவர் கேள்வி.

பல நாள் நான் கசேஸே பக்கம்தான் இருந்தேன். அந்த வழக்கின் ஆவணங்களில் இன்னொரு விவரம் இருக்கிறது. அதே நாள் பிற்பகல், பிலிட்சாவின் கலாச்சார மண்டபத்தில் அடைத்து வைத்திருந்த இன்னும் 500 பேரைக் கொல்ல வரச் சொன்னார்கள். எர்டெமோவிச் மறுத்தார். கூட இருந்த சிலரும் சேர்ந்து மறுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு ஆட்களைக் கொண்டு அந்தக் கொலைகளைச் செய்துமுடித்தார்கள்.

இந்த ஒரு விவரம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. காலையிலும் மறுப்பில் உறுதியாக நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ? காலையில் தனியாக நின்றார், பிற்பகலில் துணை இருந்தது, அதனால்தான் தப்பினாரோ? அவர் மறுத்தும் அந்த 500 பேர் செத்தது கசேஸே சொன்னதை நிரூபிக்கிறது. அவர் உயிரோடு இருந்தது பெரும்பான்மைக்கு உதவுகிறது. மிரட்டல் உண்மையா, மிரட்டப்பட்டவர் எவ்வளவு தூரம் எதிர்த்துப் பார்த்தார் என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தால்தான் தெரியும். 'கொலையா? அப்படியானால் பேச்சே இல்லை' என்கிற விதி அந்தப் பார்வைக்கே இடம் வைப்பதில்லை.

ஆனால் ஒன்று. அந்தத் தீர்ப்பாயத்துக்குக் கட்டாய ஆயுள் தண்டனை கிடையாது. முதலில் பத்தாண்டு விதிக்கப்பட்டிருந்தது 1998 மார்ச்சில் ஐந்தாண்டாகக் குறைந்தது. கொலைக்கு விலக்கு இல்லை என்ற கறாரும், தண்டனையில் காட்டிய நெகிழ்வும் அங்கே சேர்ந்தே இருந்தன. இந்தியாவும் இங்கிலாந்தும் கறாரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றன. 1998இல் எழுதப்பட்ட ரோம் சாசனம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான விதிகளில், கொலையைத் தனியாக ஒதுக்கவே இல்லை: தவிர்க்க நினைத்த தீங்கைவிடப் பெரிய தீங்கைச் செய்ய எண்ணக் கூடாது என்று நிபந்தனை வைத்துவிட்டு, மற்றதை நீதிபதிகளிடம் விட்டுவிட்டது. ஜெர்மனியின் தண்டனைச் சட்டமும் கொலையை ஒதுக்குவதில்லை. நெருங்கிய உறவினருக்கு வரும் ஆபத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதனால் அங்கே கொலைகாரர்கள் வரிசையாக விடுதலையாகிப் போய்விடவில்லை.

இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2006இல், கொலைக்கும் கொலை முயற்சிக்கும் மிரட்டலை முழு விலக்காக்கலாம், ஆனால் அதைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மேல் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சாக வேண்டியவர் யார் என்று முடிவெடுத்தவர் முழுக்க நிரபராதியாக வெளியே நடப்பதை, இறந்தவரின் வீட்டார் நிலையில் இருந்து பார்த்தால் ஏற்க முடியவில்லை. கோபத்துக்குக் கொடுத்த இடத்தைப் பயத்துக்கும் கொடுத்தால் போதும்: அந்த ஐந்து விதிவிலக்குகளோடு ஆறாவதாக ஒன்று, கொலையைச் சிறிய குற்றமாக இறக்கி, தண்டனையை நீதிபதியின் கையில் கொடுப்பதாக. கூடவே 94இலும் 32இலும் இருக்கிற 'அந்த நபருக்கு' என்பதோடு அவருடைய பிள்ளையையும் சேர்க்க வேண்டும். சட்ட ஆணையத்தின் பரிந்துரையை இங்கிலாந்து நாடாளுமன்றம் இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியாவில் அப்படி ஒரு பரிந்துரை விவாதத்துக்கு வருவதற்கே, முதலில் யாராவது இந்தப் பிரிவை நிதானமாக ஒரு முறை படிக்க வேண்டும்.